முடக்கில் நின்ற ஊசி

என்னங்க,

இன்று காலை பசறையிலிருந்து பதுளைக்குப் போன பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலேயே இடம் கிடைத்தது. கண் ரோட்டுக்குப் போகவில்லை, அவர் முன்னால் இருந்த, எஞ்சின் எண்ணெயின் அழுத்தம் காட்டும் ஊசிக்குத்தான் போனது. மலை ரோட்டு முடக்கில் பஸ் வளைந்து திரும்பும்போதெல்லாம் அது பொத்தென்று விழுந்தது. பஸ் நிமிர்ந்ததும் எழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் தலைசுற்றலா என்று கேட்டாள்.

பூனாகலையில் நீங்கள் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி ஓட்டிய காலத்தில் அந்த ஊசிதான் எனக்குச் சக்களத்தி. சோற்றில் கை வைத்தாலும் அதே பேச்சு. ஒருநாள் ரசத் தட்டைச் சாய்த்தே காட்டினீர்கள். "பாரு புள்ள, முடக்குல திரும்புறப்ப எஞ்சினுக்கு அடித் தொட்டியில உள்ள எண்ணெயெல்லாம் இப்படி ஓரமா ஓடிருது. உறிஞ்சுற குழாய் வெறும் காத்தத்தான் இழுக்குது. எஞ்சின் வறண்டு தேயுது." பாய் முழுக்க ரசம். "எஞ்சின் கெடக்கட்டும், பாய யாரு தொவைக்கிறது?" என்று கத்தினேன்.

மற்ற டிரைவர்மார் அளவுக்கு மேலே எண்ணெய் ஊற்றி ஓட்டினார்கள். நீங்களும் ஊற்றிப் பார்த்தீர்கள், நுரைதான் மிச்சம். பெக்டரி ஐயாவிடம் சொன்னதற்கு, "ஊசியப் பாக்காம ரோட்டப் பாரு" என்றார். கேட்காமல் எஞ்சினில் கை வைத்தால் வேலை போகும், வேலையோடு நாம் குடியிருந்த லயத்துக் காம்பராவும் போகும். அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழற்றி, உறிஞ்சும் குழாயைச் சுற்றித் தடுப்பு வைத்தீர்கள். தேயிலைப் பெட்டித் தகட்டை ஈயத்தால் ஒட்டியது சீக்கிரமே கழன்று உள்ளே கடகடத்தது. ஐயா காதில் விழுந்துவிடுமோ என்று இரண்டு பேரும் பயந்தோம். மறுபடி கனத்த தகடு வாங்கி, எண்ணெய் உள்ளே வர அடியில் சின்ன ஓட்டைகள் போட்டு, பசறைப் பட்டறையில் வெல்டிங் வைத்தீர்கள். முடக்கிலும் விழாமல் ஊசி நின்றது. வெளியே சொல்ல முடியாத சந்தோஷம் அது. சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன்.

லயத்துப் பெண்களெல்லாம் லொறியில் பண்டாரவளைச் சந்தைக்குப் போன அன்று முன்கதவைத் திறந்து வைத்து, "ஏறு புள்ள, ஊசி நிக்கிறத நீயாச்சும் பாரு" என்றீர்கள். லயத்துப் பெண் யாரும் முன் சீட்டில் ஏறியதில்லை. "நாளைக்குக் காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுல எம் பேருதான் உருளும். நான் பின்னாலயே ஏறிக்கிறேங்க" என்று சாக்குகளோடு உட்கார்ந்துகொண்டேன்.

வழி நெடுக, ஒவ்வொரு முடக்கின் நடுவிலும் ஹார்ன் அடித்தீர்கள். "ஒம் புருசனுக்கு இன்னிக்கு என்னடி ஆச்சு?" என்று பெண்கள் சிரித்தார்கள். ஊசி நிற்கிறது என்று என்னிடம்தான் சொல்கிறீர்கள், எனக்குத் தெரியும். வெட்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த வருட மழையில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

கருமாதிக்குப் பிறகு துக்கம் கேட்க வந்த, உங்கள் லொறியை எடுத்த புது டிரைவர், "எந்த முடக்குலயும் ஊசி அசையலீங்க அண்ணி. வெள்ளக்காரன் எப்படிச் செஞ்சிருக்கான் பாருங்க" என்றார். நெஞ்சு கொதித்தது. போகிற வேலைதான் உங்களோடு போய்விட்டதே, இனி யாருக்குப் பயம்? "வெள்ளக்காரன் இல்ல, எங்க வீட்டுக்காரரு செஞ்சது" என்று போட்டு உடைத்தேன்.

அவர் வாய் பிளந்தார். "அண்ணனா செஞ்சாரு! முதல்முதல்ல ஊசி நின்னப்ப நீங்களும் கூட உக்காந்து பாத்திருப்பீங்களே அண்ணி?"

எழுந்து உள்ளே போய்விட்டேன். இப்போதெல்லாம் எந்த வண்டியில் ஏறினாலும், யார் என்ன பேசினாலும், முன்னால்தான் உட்காருகிறேன்.