முட்டைச் சக்கர சைக்கிள்

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்கமாட்டேன். லிப்ட்டுக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற மெக்கானிக் நலமாக இருந்துதான் ஆக வேண்டும். அம்மா நலமா?

இத்துடன் பென் டிரைவ் வருகிறது. நீ அனுப்பிய சைக்கிள்காரன், சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற உன் ஆஸிலாஸ்கோப் பெட்டியின் பச்சைத் திரையில் அழகாக ஓடலாம். ஆனால் அவனை வரைகிற சத்தம் இருக்கிறதே, அப்பப்பா! பல் டாக்டரிடம் போய் வந்த மாதிரி இருந்தது. அதைச் சீவிச் சிங்காரித்துப் பாட்டாக்கிவிட்டேன். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் சமமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். உங்கள் ஊர்க் கண்காட்சியில் இதை ஓடவிடும்போது எல்லோரும் வாயைப் பிளக்கப்போகிறார்கள், பார்த்துக்கொள்.

இன்னொரு சேதி. ஒலிப்பதிவுக்கூடத்தில் அடுத்த மாதம் முதல் பெரிய அறை எனக்கு. முழு நீளப் படங்களுக்கு நான்தான் ஒலிக்கலவை. முதலாளி, "உன் காதை நம்பித்தாம்மா குடுக்கிறேன்" என்றார். அம்மாவிடம் சொல்.

போன் செய்யாதே. நாம் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. போதாக்குறைக்கு என் போனில் எதுவும் சரியாகக் கேட்பதும் இல்லை.

உன் தங்கை

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

பெரிய அறைக்கு வாழ்த்துகள். அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

இப்போது சைக்கிளுக்கு வருவோம். பாட்டு பிரமாதம். ஆனால் திரையில் சக்கரங்கள் படுக்கவைத்த முட்டை மாதிரி வருகின்றன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஏறினா இடுப்பு கழண்டுடும்டா" என்று போய்விட்டாள்.

உனக்குத்தான் தெரியுமே, இடது சத்தம் ஒளிப்புள்ளியைப் பக்கவாட்டில் இழுக்கும். வலது சத்தம் மேலும் கீழும் இழுக்கும். இரண்டும் சமமாக இருந்தால்தான் வட்டம். வயரை மாற்றினேன். குமிழ்களைக் கழற்றித் துடைத்தேன். கடைசியில் நான் உனக்கு அனுப்பிய பழைய கோப்பைப் போட்டால், சக்கரம் பளிச்சென்று வட்டமாகச் சுற்றுகிறது. நீ இடது சத்தத்தை ஏற்றினாயா?

உன் அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

ஏற்றினேன்தான். நீ அனுப்பியதில் இடது பக்கம் அமுங்கிக் கிடந்தது. அதைத் தூக்கிச் சமமாக்கினேன். அதற்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்?

உன் பெட்டி காயலான் கடையில் வாங்கியது. என் காதோ ஒரு தொழிலையே தாங்குகிறது. எதை நம்புவது என்று நீயே சொல். பெட்டியை இன்னொரு தடவை துடை.

தங்கை

மார்ச் 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் அனுப்பியதில் எந்தப் பக்கமும் அமுங்கியிருக்கவில்லை. கணினி இரண்டையும் ஒரே அளவில் எழுதியது. உனக்கு மட்டும்தான் இடது பக்கம் குறைவாகக் கேட்டிருக்கிறது.

நீ முன்பு பாட்டாக்கித் தந்த படங்களையும் ஓடவிட்டுப் பார்த்தேன். போன வருஷத்துக் கிளி கொஞ்சம் பருத்திருக்கிறது. நன்றாகச் சாப்பிட்ட கிளி என்று அன்றைக்குச் சிரித்தோமே. அதற்குப் பிறகு வந்த மீன் இன்னும் அகலம். இப்போது சைக்கிள். போன் கேட்கவில்லை என்கிறாயே, அதை எந்தக் காதில் வைக்கிறாய்?

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் இடது காது கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. பெரிய அறையில் போய் உட்காருவதற்கு முன்னால் டாக்டரைப் பார். அம்மாவிடம் சொல்லவில்லை.

அண்ணன்

மார்ச் 24

நீ படித்தது லிப்ட் வேலை. காதுக்கு எப்போது டாக்டரானாய்?

பொழுதுபோகாமல் வாங்கின ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு என் பிழைப்பில் கை வைக்காதே. இந்த நாற்காலிக்காக எத்தனை வருஷம் நாயாய் உழைத்தேன் என்று உனக்குத் தெரியாதா? காது போய்விட்டது என்று ஒரு பேச்சு வெளியே கிளம்பினால் போதும், என் கதை முடிந்தது. கண்காட்சியில் உன் முட்டையை நீயே உருட்டிக்கொள்.

பதில் போடாதே.

மார்ச் 28

அன்புள்ள வாயாடிக்கு,

பதில் போடாதே என்றாய், போடுகிறேன். நீ சொன்ன பேச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்?

லிப்ட் கயிறு நைந்திருக்கிறது என்று நான் சொன்னால் கட்டட முதலாளிகள் எல்லோருக்கும் கோபம் வரும். "நேத்து வரைக்கும் ஓடிச்சே" என்பார்கள். வரட்டும் கோபம் என்று லிப்ட்டை நிறுத்திவிட்டுத்தான் வெளியே வருவேன். ஊரார் ஏறுகிற லிப்ட்டுக்கே அப்படி என்றால், என் கூடப் பிறந்தவளிடம் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? திட்டு, நன்றாகத் திட்டு. ஆனால் போய்க் காட்டிவிட்டுத் திட்டு.

கண்காட்சிக்கு சைக்கிளைக் கொடுக்கவில்லை. திருத்த எனக்குத் தெரியும். ஒரு குமிழைத் திருகினால் போதும். செய்யமாட்டேன். அந்த சைக்கிள் நம் இரண்டு பேருடையது, சேர்ந்துதான் திருத்துவோம்.

என்றும் உன் அண்ணன்

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

போய்க் காட்டினேன். காதுக்குள் அரிசி மணி அளவுகூட இல்லாத ஓர் எலும்பு இறுகிப்போய்விட்டதாம். இடது பக்கம்தான். வலது காது கணீரென்று இருக்கிறதாம். அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும் என்கிறார் டாக்டர் அம்மா. "பெரும்பாலும்னா?" என்று கேட்டேன். "பெரும்பாலும்னா பெரும்பாலும்தாம்மா" என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். காது சரியாகிற வரைக்கும் பெரிய அறை வேண்டாம் என்றேன். "யாரு கண்டுபிடிச்சா?" என்றார். "எங்க வீட்டுப் பச்சைத் திரையில தெரிஞ்சுதுங்க" என்றேன். மந்திரவாதியிடம் போய் வந்தேன் என்று நினைத்திருப்பார், பாவம். அறை காத்திருக்கும் என்றார். காத்திருக்காவிட்டாலும் கலங்கமாட்டேன், அதை ஒரு தடவை வாங்கிக்காட்டியவளுக்கு மறுபடி வாங்கத் தெரியாதா?

இங்கே எல்லோரும் என் காதைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள், அண்ணா. உன்னைத் தவிர ஒருத்தரும் நிஜத்தைச் சொல்லவில்லை. அன்றைக்கு எழுதினதற்கு நீ என்னை நாலு அறை அறைந்திருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை அடுத்த வியாழக்கிழமை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லி அழைத்து வா. கண் விழிக்கும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டும். இடது காதில் கட்டுப் போட்டிருப்பார்கள், அதனால் வலது பக்கமாக வந்து நின்று பேசு.

திட்டுவதாக இருந்தால் மட்டும் இடது பக்கம் நில்.

உன் தங்கை