சித்தப்பாவின் வண்டியில் இடம் இருந்தது, அப்பா

ஆசை அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. அம்மா இருக்கிறாள். முட்டிவலிதான் அவளைப் படுத்துகிறது. நான் கார் ஓட்டுகிறேன் என்றால் நம்புவீர்களா? பீங்கான் பொம்மைகளைத் திட்டக்குடி, வேப்பூர் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட, பழைய ஹேட்ச்பேக் ஒன்று வாங்கினேன். முதல் மாதம் முழுக்க விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். இப்போது பயம் போய்விட்டது.

ஆனால் இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. உங்கள் தம்பியைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லலாமா கூடாதா என்று பல நாள் யோசித்தேன். செத்தவருக்கு வலிக்குமா அப்பா?

நீங்கள் விழுந்த நாளிலிருந்து சொல்கிறேன். சூளையில் சாமான் அடுக்கும்போது பலகை சறுக்கி விழுந்தீர்கள். வலது தொடை எலும்பு முறிந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் கட்டை வைத்துக் கட்டி, காலை மடக்காமல் படுக்க வைத்தபடியே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அன்று பார்த்து முகூர்த்த நாள். ஸ்டாண்டில் ஒரு வாடகைக் கார் இல்லை. ஆஸ்பத்திரி வண்டியும் வேறு நோயாளியோடு கடலூர் போயிருந்தது.

கலியபெருமாள் சித்தப்பா எஸ்.யூ.வி. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. நான்தான் அவர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

“பாக்கத்தான் பெருசும்மா வளரு. உள்ள மூணு வரிச சீட்டு. ஒண்ணும் மடங்காது. அண்ணன எங்க படுக்க வெக்கிறது? எடமே இல்லியே.”

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தேன். சீட்டுகளாகத்தான் தெரிந்தன. காரைப் பற்றி எனக்கு அப்போது என்ன தெரியும்? நம்பினேன். சொல்லப்போனால், அவரைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று வருத்தப்பட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

பஸ்ஸில்தான் போனோம். கடைசி நீள சீட்டில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டார்கள். உங்கள் கால் அம்மா மடியில் இருந்தது, தலை என் மடியில். வடலூர் தாண்டி ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதும் நீங்கள் போட்ட சத்தத்தில் டிரைவர் ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். பாண்டிச்சேரி டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, வழியில் எலும்பு நகர்ந்திருக்கிறது என்றார். ஆபரேஷன் செய்தும் கால் இரண்டு அங்குலம் குட்டையாகிப் போனது. அதற்கப்புறம் நீங்கள் சூளைப் பலகையில் ஏறவே இல்லை. நிழலில் உட்கார்ந்து அட்டைப்பெட்டிக்கு லேபிள் ஒட்டினீர்கள். இரண்டு வருடத்தில் மாரடைப்பு வந்தது. அதற்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கிறது என்று நானும் சொல்ல மாட்டேன். உங்கள் சாவை நான் அவர் தலையில் கட்டவில்லை.

அம்மா அவரைத் திட்டும்போதெல்லாம் நீங்கள்தான் தடுப்பீர்கள். “அவன் என்னாடி செய்வான்? எடமிருந்தா ஏத்திக்க மாட்டானா?”

அந்த நம்பிக்கையோடுதான் போய்ச் சேர்ந்தீர்கள். அதைத்தான் இப்போது நான் உடைக்கப் போகிறேன்.

என் காரை விற்றவர், பின்சீட்டின் மேலே இருந்த ஒரு குமிழை இழுத்தார். சீட்டு முன்னால் சாய்ந்து படுத்தது. “பெட்டி வெக்கிறதுக்கு எடம் போதுமாம்மா?” என்று கேட்டார். இந்தச் சின்ன வண்டியிலேயே சீட்டு மடங்குகிறது என்றால், அந்தப் பெரிய வண்டியில்?

யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வருடம் மனசுக்குள்ளேயே வைத்திருந்தேன். சித்தப்பாவை எங்கே பார்த்தாலும் சிரித்தேன்.

இந்தத் தை மாதம் அவர் வண்டியை விற்கப் போவதாகத் தெரிந்தது. வாங்கக் கேட்டவர் ஜமால் பாய். துபாயிலிருந்து ஒரேயடியாக ஊர் திரும்பியவர். பக்கவாதத்தில் விழுந்த அவர் அம்மாவை வாரம் ஒரு தடவை பாண்டிச்சேரிக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போக வண்டி தேடினார். நான் நேராகப் போய், “எங்கிட்டயும் ஒரு வண்டி இருக்குது பாய். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, அளந்து பாத்துட்டு வாங்குங்க” என்றேன். என் காரை விற்கிற எண்ணமே எனக்குக் கிடையாது. சித்தப்பாவின் வியாபாரம் கெட வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா வாசலில் இரண்டு வண்டியும் நின்றன. நான் இஞ்சு டேப்போடு போயிருந்தேன். முதலில் என் வண்டி. பின்சீட்டை மடக்கினால் நாலரை அடி நீளம். ஒரு பக்கத்துக் கதவிலிருந்து மறு பக்கம் வரைக்கும் நாலடி இரண்டு அங்குலம். தரையிலிருந்து சீட்டு ஒன்றேமுக்கால் அடிதான், ஏறி உட்கார சுலபம். எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன்.

“பெரிய வண்டி இதவிட அகலம் பாய், ஆனா ஏர்றதுக்கு ஒசரம்” என்றேன். “உங்கம்மாவ ரெண்டு பேரு தூக்கணும்.”

பாய் யோசித்தார். “தூக்கிடலாம்மா. ஆனா அவங்களால ஒக்கார முடியாது. படுத்துக்கினேதான் வரணும். எது தோதுப்படும்?”

சித்தப்பா முந்திக்கொண்டு பேசினார்.

“என்னா பாய் இப்பிடிக் கேட்டுட்டீங்க! அதுல கொழந்தயத்தான் படுக்க வெக்கலாம். இங்க பாருங்க.”

நடுசீட்டின் பக்கத்தில் இருந்த பிடியை இழுத்தார். சீட்டு மொத்தமும் மடங்கி முன்னால் போய் ஒட்டிக்கொண்டது. கடைசி வரிசையில் எதிரெதிராக இருந்த இரண்டு பெஞ்சையும் மேலே தூக்கி மாட்டினார். பத்து எண்ணுவதற்குள் உள்ளே ஒரு அறை மாதிரி ஆகிவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, மல்லாக்கப் படுத்து, காலை நீட்டிக் காட்டினார்.

“அள வளரு, அள. மிச்சமே இருக்கும்.”

அளந்தேன். அவர் குதிகாலுக்கும் பின்கதவுக்கும் நடுவில் ஐந்து அங்குலம் மிச்சம் இருந்தது. நீங்கள் அவரைவிட நாலு விரல் குட்டை அப்பா.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டேன்.

“எழுந்திரிக்காதீங்க சித்தப்பா. அப்பிடியே படுத்துக்கினு சொல்லுங்க. எங்கப்பா கால ஒடிச்சிக்கினு கெடந்தப்ப, ஒண்ணும் மடங்காதுன்னு சொன்னீங்களே. எப்பலேர்ந்து மடங்குது?”

கூரையைப் பார்த்தபடி கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள், பாய், சித்தி, எல்லோரும் அவரையே பார்த்தார்கள். முழங்கையை ஊன்றி எழப் பார்த்தவர், “புது வண்டிம்மா அப்ப. மடக்கத் தெரியல” என்றார்.

சித்திக்கு இதெல்லாம் புதுசு. அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “தெரியலியா? அந்த வாரந்தான எங்கம்மா வூட்டு பீரோவ இதுல படுக்க வெச்சிக் கொண்டாந்தோம்? நீங்கதான மடக்குனீங்க?” பிறகு குரல் இறங்கிக் கேட்டாள். “எங்கிட்ட, அண்ணனே பஸ்ஸுல போறேன்னுட்டாருன்னு சொன்னீங்களே?”

பீரோ படுத்து வந்திருக்கிறது அப்பா. பிளாஸ்டிக் உறை அழுக்காகிவிடும் என்று உங்களை ஏற்றாத வண்டியில், பீரோ படுத்து வந்திருக்கிறது.

பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “நீ சொல்லும்மா. எத வாங்கட்டும்?”

ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த வியாபாரம் அங்கேயே முறிந்திருக்கும். அதற்காகத்தானே போனேன். ஆனால் எனக்கு அதைவிட நல்லதாக ஒன்று தோன்றியது. “பெரிய வண்டியே வாங்குங்க பாய்” என்றேன். பாய் வீட்டிலிருந்து பாண்டி ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் சித்தப்பா தெருதான் வழி. வாரா வாரம், காலையும் சாயங்காலமும், உள்ளே ஒரு ஆள் படுத்திருக்க, அந்த வண்டி சித்தப்பா வாசலைத் தாண்டிப் போகிறது. வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுகிறாராம். சித்தியே சொன்னாள். கேட்டு ரொம்ப நாளைக்கப்புறம் வயிறாரச் சாப்பிட்டேன்.

போன வாரம் சித்தப்பா நம் வீட்டுக்கு வந்தார். இளைத்துப் போயிருக்கிறார். அம்மா டீ கொடுத்தாள். உங்கள் படத்தைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என்னிடம் கேட்டார். “கடைசியா அண்ணன் என்னப் பத்தி எதுனா சொன்னாராம்மா?”

“ஒண்ணும் சொல்லல” என்றேன்.

பொய். மாரடைப்பு வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். மூச்சு வாங்க வாங்க நீங்கள் என் கையைப் பிடித்துக் கேட்டது அவரைத்தான். “கலியன் வந்தானா? வந்தா சாப்புட வெச்சி அனுப்பு.” அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் அவர் வந்திருந்தார். அது என்னிடம் இருக்கிறது. கொடுக்கவில்லை.

உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். நீங்களாக இருந்தால் அவர் கேட்கும் முன்பே கொடுத்திருப்பீர்கள். எனக்கு அந்த மனசு வரவில்லை அப்பா. வரவேண்டும் என்ற ஆசையும் இப்போதைக்கு இல்லை.

அம்மாவை ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்வேன், இது சத்தியம். உங்கள் தம்பிக்கு நீங்கள் விட்டுப்போன வார்த்தையை என் வாயால் சொல்ல மாட்டேன், இதுவும் சத்தியம். வேறு யாராவது இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினால், நான் தடுக்கப் போவதில்லை.

உங்கள் தலையை மடியில் தாங்கி வந்த மூத்த மகள்,
வளர்மதி