தொட்டதும் எடுத்த விரல்

என் அன்பு ஸ்டெல்லாக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை உன் தோழி நூர்ஜஹான் அக்கா மாதனூர் வீட்டுக்கு வந்திருந்தார். நீ எங்களை விட்டுப் போன பிறகு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. ஷூ கம்பெனியில் உன் பக்கத்து மேசைக்காரர் அல்லவா, பார்த்ததும் அம்மா அழுதுவிட்டாள். உன் கட்டிலருகே இன்னும் கிடக்கிற தொடுமணியை அவர் எடுத்துத் தொட்டுப் பார்த்தார். மணி அடிக்கவில்லை.

நீ படுத்த படுக்கையானதும் நான் செய்து கொடுத்த மணி. அழுத்தத் தெம்பில்லாவிட்டால் என்ன, தொட்டாலே போதும் என்று பெருமையடித்தேன். பேட்டரி ஒரு வருடம் வரவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கம்பெனியில் என் வேலையே மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதுதானே. அதனால் சென்சாரைத் தூங்க வைத்தேன். அரை நொடிக்கு ஒருமுறை விழித்து, விரல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். அடுத்தடுத்து இரண்டு முறை விரலைக் கண்டால்தான் அடிக்கும். என் விரலை வைத்தே சரிபார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

உனக்கு மட்டும் அடிக்கவில்லை. "நல்லா வச்சுத் தொடுக்கா, இன்னா அவசரம்?" என்று எரிந்து விழுந்தேன்.

"என் கையிலதான்டா கோளாறு, மணி நல்லாத்தான் இருக்குது" என்றாய். யாரிடமும் என்னை விட்டுக்கொடுக்க மாட்டாய், என்னிடமே கூட.

அன்று நூர்ஜஹான் அக்காவிடமும் விரலைச் சற்று வைக்கச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "ஃபினிஷிங்ல பழகுன கை தம்பி. பாலிஷ் போட்ட லெதர்ல விரல் நின்னா ரேகை விழுந்துடும். தொட்டதும் எடுத்துடணும். வீட்ல தட்டைத் தொட்டாலும் எங்களுக்கு அப்டித்தான்."

உனக்கும் அதே கைப்பழக்கம்தானே. உன் விரல் வந்து போன நேரமெல்லாம் நான் செய்த மணி தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அம்மா கொல்லையில் துணி துவைத்த அந்த மத்தியானம், நாக்கு வறண்டு கிடந்தாயே, எத்தனை முறை தொட்டாய்? ஏன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை?

இந்த வாரம் முழுக்க அதோடுதான் உட்கார்ந்தேன். இப்போது நொடிக்கு இருபது முறை விழிக்கிறது. பேட்டரி மூன்று மாதம்தான் வரும், வரட்டும். இன்று நூர்ஜஹான் அக்காவை மறுபடி வரச்சொல்லித் தொடச் சொன்னேன். விரல் பட்டதும் மணி அடித்தது.

அடுப்படியிலிருந்து அம்மா, "தோ வர்றேன் ஸ்டெல்லா" என்று தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள்.

இனி எதைச் செய்தாலும், அதைத் தொடப்போகிறவரின் கையை முதலில் பார்ப்பேன் அக்கா.

உன் கையைக் குறை சொன்ன தம்பி,
சாமு