கேட்கீப்பரின் முதுகுவலி

12 ஆகஸ்ட் 1993, வியாழன்

இன்றைக்கும் அந்த ரயில்வே கேட்கீப்பர் கிளினிக்குக்கு வந்தார். ஊரப்பாக்கம் பக்கத்து கேட். மூன்று வருடத்துக்கு முன் விழுந்து முதுகில் அடி. அது ஆறி எத்தனையோ நாளாயிற்று. எக்ஸ்ரே சுத்தம். வலி மட்டும் போகவில்லை. நரம்பு, மூளை என்று நாலு தடவை விளக்கியாயிற்று. வலி நிஜம்தான், அடிதான் இப்போது இல்லை என்றால் தலையாட்டுவார். உடனே, "அப்ப எனக்கு வலியே இல்லன்றீங்களா மேடம்?" என்பார்.

இன்று அவர் வேலையை வைத்தே சொன்னேன். "ரயில் போயிடுச்சு. உங்க நரம்பு மட்டும் கேட்டைத் திறக்காம மணி அடிச்சுக்கிட்டே இருக்கு."

வந்ததே கோபம். "வண்டி போனப்புறம் நான் கேட்டை மூடி வெச்சேன்னு யாரு சொன்னது? இருபத்தாறு வருஷ சர்வீஸ்!" வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உங்களைச் சொல்லலைங்க, நரம்பைச் சொன்னேன்."

"வண்டி போறதைக் கண்ணால பாத்தாலும், ஸ்டேஷன்லேர்ந்து போன் வராம தொறக்கக் கூடாது மேடம். பின்னாடியே இன்னொண்ணு வந்துகினு இருந்தா?"

"அதேதாங்க! உங்க உடம்பும் அதுக்குத்தான் பயப்படுது!" மேஜையைத் தட்டிக் கத்தியேவிட்டேன்.

"அப்ப நீங்கதான் மேடம் ஸ்டேஷன். இன்னொரு வண்டி இல்லன்னு எழுதிக் குடுங்க, தொறந்துடறேன்."

பேனாவைத் திறந்தேன். அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. மறுபடி ஓர் எக்ஸ்ரே என்று எழுதி நீட்டினேன்.