ஓரத் தையல்

அன்புள்ள அம்மாவுக்கு,

மொம்பாசாவிலிருந்து முத்தேயு எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் வேலை செய்யும் சுங்க முகவர் அலுவலகத்துக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வந்தன. விரிப்பு என்று நான் படிவத்தில் எழுதித் தந்ததை, வெறும் துணி என்று சொல்லி சுங்க அதிகாரி ரெஹேமா நிறுத்திவிட்டார். வெட்டிய துணிக்கும் தைத்த விரிப்புக்கும் வரி வேறு. பொய் எழுதியதாக முடிவானால் என் வேலை போயிருக்கும்.

மூட்டையைப் பிரித்து ஒன்றை எடுத்து, நானும் அவரும் ஆளுக்கொரு முனை பிடித்தோம். ஓரமெல்லாம் மடித்துத் தைத்திருந்தது.

"அடி பொண்ணே, இது விரிப்பேதான்! மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கே? மூச்சு விடு," என்று ரெஹேமா சிரித்தார். அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

குத்திய சோளம் கொஞ்சம் பஸ்ஸில் அனுப்பு. ஒரு ஆளுக்கு எவ்வளவு வேகவைக்கணும் என்றும் எழுது. எனக்குத் தினமும் சமைத்தது மிஞ்சுகிறது.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்,
முத்தேயு