முதலாளி கொடுக்கும் வெல்லம்

லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்புள்ள அம்மாவுக்கு,

அப்பாவைக் கொன்றது முதலாளியின் கிரானைட் பட்டறைதான், பீடி இல்லை. போனில் இதைச் சொன்னால் நீ வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

ஆய்வகத்தில் எனக்குப் புது வேலை கொடுத்திருக்கிறார்கள். நுரையீரல் செல்களுக்குக் கல்தூசியைக் கொடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். செல்லுக்குள் இருக்கும் சின்னப் பைகளில் கேத்தெப்சின் என்று ஒரு நொதி உண்டு. புரதத்தைச் செரிப்பதுதான் அதன் வேலை. தூசியை விழுங்கிய செல்லில் அந்தப் பை கிழிந்து, நொதி வெளியே கசிந்து, செல்லே செத்துவிடுகிறது. நேற்று அதைக் கண்ணால் பார்த்தேன்.

"டேட்டா சூப்பரா வந்திருக்கு கவி! ஏன் மூஞ்சிய தூக்கி வெச்சிருக்க?" என்றாள் சீனியர் வைஷ்ணவி. எனக்கு அப்பாவின் இருமல் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமைதோறும் முதலாளி கொடுக்கும் வெல்லக்கட்டி தூசியை இறக்கிவிடும் என்று அப்பா நம்பினார். இப்போது அண்ணனும் அதைச் சப்பிக்கொண்டே கல் அறுக்கிறான். வெல்லம் வயிற்றுக்குத்தான் போகும் அம்மா, நுரையீரலுக்குப் போகாது. நல்ல முகக்கவசத்தைவிட வெல்லம் மலிவு. முதலாளியின் பாசம் அவ்வளவுதான்.

இங்கே குளிர் அதிகம். யாராவது வந்தால் அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. இது நான் போடும் மூன்றாவது கடிதம். இதற்காவது பதில் எழுது: அண்ணனைப் பட்டறையிலிருந்து நிறுத்திவிட்டாயா?

கவியரசன்