நாற்பத்தோராவது நிமிடம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கோவை கணபதியில் நான் இருக்கிற தெரு முழுக்கப் பண்டிகைச் சாப்பாட்டு வாசம். எனக்கு நேற்று வாங்கிய பன்.

காலையிலிருந்து பதினேழு முறை என் சேனலைத் திறந்து பார்த்துவிட்டேன். நான் எடுத்த படம் 'கோழித் தலைவர்' ஏற்றி ஒன்பது நாள். பார்த்தவர்கள் நானூற்றுச் சொச்சம். அதில் அறுபது எழுபது நானேதான் இருப்பேன்.

கருத்துகள் ஆறு. "பல்லடம் கோழிப் பண்ணைக்காரங்களை இப்படிக் காட்டலாமா?" என்று ஒருவர். "சங்கத் தலைவர் ஆகறதுக்கு ஒரு நல்ல மனுசன் சொல்லுற சின்னச் சின்னப் பொய்தான் படம். சிரிச்சிட்டே பார்த்தேன், முடிஞ்சப்புறம் ஒரு மாதிரி ஆயிருச்சு" என்று இன்னொருவர். யாரய்யா நீ? உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. நாலு வருஷ உழைப்பை ஒருத்தன் ரெண்டே வரியில் பிடித்துவிட்டான். அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்து, எழுதி எழுதி அழித்து, கடைசியில் 'நன்றிங்க' என்று மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 9

என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. ஒரே நாளில் பதினோராயிரம் பேர்.

யாரோ நாற்பத்தோராவது நிமிடத்தை மட்டும் வெட்டிப் போட்டிருக்கிறான். கதாநாயகன் கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து, "என் வாழ்நாள்ல பொய்யே சொன்னதில்லைங்க" என்கிறான். உடனே கூட்டத்தில் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். மூன்றே விநாடி. கருத்துகள் எல்லாம் அதைப் பற்றித்தான். "யாருய்யா இந்தச் சிரிப்பு அக்கா?" "மொத்தப் படத்துல நடிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள்."

அது நடிப்பு இல்லை. என் அக்கா சண்முகப்ரியா. கூட்டம் சேர்க்க எனக்கு வசதி இல்லாததால், போன வருஷம் தை மாதம் பெரியப்பா மகன் ஆதர்ஷ் கல்யாணத்திலேயே அந்தக் காட்சியை எடுத்தேன். பெரியப்பாவும் சம்மதித்தார். அக்கா எதற்கோ சிரித்தாள், பொருத்தமாக இருந்தது, சேர்த்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 14

ஒரு லட்சத்து நாற்பதாயிரம்!

சென்னையில் ஒரு படத் தயாரிப்பு அலுவலகத்திலிருந்து பேசினார்கள். அடுத்த கதை இருக்கிறதா, மாதக் கடைசியில் வாங்க, இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கட்டும் என்றார்கள். முப்பத்திநாலு வயதில் முதல்முறையாக ஒருவர் என்னை 'சார்' என்றார். உடனே யாரிடமாவது சொல்லத் தோன்றியது. அக்காவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வேறு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக் கடைசியில் யாரையும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 17

மேட்டுப்பாளையம் ராசப்பன் என்ற பெயரில் ஒரு கருத்து:

"அவங்க சிரிக்கலீங்க. சத்தத்தை நிறுத்திட்டு ஒருக்கா பாருங்க, தெரியும்."

அதற்குக் கீழே நாற்பது பேர் அவரைக் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். நான் சத்தத்தை நிறுத்திப் பார்க்கவில்லை. வேலை இருந்தது.

ஆகஸ்ட் 20

அம்மா பேசினாள். அக்காவோடு பொள்ளாச்சியில்தான் இருக்கிறாள்.

"ஏங்கண்ணு, அவ ரெண்டு நாளா வேலைக்குப் போகலடா. இவ வேலை பாக்கற லேப்ல ரத்தம் குடுக்க வந்த ஒரு பொம்பள, 'நீங்க அந்தச் சிரிப்பு அக்காதானுங்களே, ஒருக்கா சிரிச்சுக் காட்டுங்க'ன்னு கேட்டாளாம். இவ குத்தின ஊசி எடம் தப்பிப் போச்சாம். நீ என்னத்தடா செஞ்சுபோட்ட?"

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உக்கடத்தில் பஸ் ஏறிப் பொள்ளாச்சி போய் வந்தேன்.

அக்கா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நான் எதுக்குச் சிரிச்சேன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா" என்றேன்.

"இணைச்சீருக்கு நாந்தான் நிக்கறதுன்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க. மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சி நிக்கற எடம், ஆதர்ஷுக்குக் கூடப் பொறந்தவ இல்ல. பங்காளிப் புள்ளைகள்ல மூத்தவ நாந்தான. சீர்க் கூடையக் கையில வாங்கியாச்சு. அப்ப பெரியப்பா வந்து, சித்த தள்ளி நில்லு அம்மணி, சின்னவ லோகு நிக்கட்டும்னாங்க. புருசனோட இல்லாதவ நிக்கக் கூடாதாமா. அத்தன பேரு பாக்கறாங்க. அழுதா அவங்க சொன்னது சரின்னு ஆயிரும்னு சிரிச்சேன். அதப் போயி..."

சமையலறையிலிருந்து அம்மா, "யாரும் ஒண்ணும் சொல்லல. இவளாத்தான் கூடையக் குடுத்துபோட்டு நகந்தா. அல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

அக்கா அம்மாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். கிளம்பும்போது, "போயிட்டு வாரேன்க்கா" என்றேன். கிணத்துக்கடவு வரைக்கும் எனக்கு அழுகை நிற்கவேயில்லை, பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 25

இவ்வளவு பேர் பார்த்துவிட்ட படத்தில் நடுவில் ஒரு துண்டை மட்டும் வெட்ட முடியாதாம். மொத்தமாக அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து. கருத்துகள் எல்லாம் போய்விடும். சென்னைக்காரர்கள் பார்ப்பதே அந்த எண்ணைத்தான்.

ஒரு வாரம் பொறுத்து அழித்தால் என்ன? சென்னை போய் வந்த பிறகு? அக்காவுக்கு ஒரு வாரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது?

அட, என் கோழித் தலைவர் பேசுவது மாதிரியே இருக்கிறது. அவனுக்கு இந்த வசனத்தை எழுதினவனும் நான்தானே.

ஆகஸ்ட் 26

அழித்துவிட்டேன். இரண்டு லட்சத்து மூவாயிரம்.

செப்டம்பர் 5

அந்த மூன்று விநாடி இல்லாமல் மறுபடி ஏற்றினேன். முப்பத்தெட்டு பேர் பார்த்திருக்கிறார்கள். "சிரிப்பு அக்கா எங்கடா?" என்று மூன்று பேர் கேட்கிறார்கள். சென்னை அலுவலகத்தில் போனை எடுப்பதில்லை.

அழித்து என்ன பிரயோசனம்? அந்த முகம் ஸ்டிக்கராக ஊரெல்லாம் சுற்றுகிறது. இன்று எங்கள் பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட, ஆதர்ஷின் அப்பா பாலுசாமி பெரியப்பாவே அந்த ஸ்டிக்கரை அனுப்பியிருக்கிறார். அவருக்குப் பெருமை, வீட்டுப் பெண் பிரபலமாகிவிட்டதாம். அன்று அக்காவிடம் சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

செப்டம்பர் 14

மூன்று வாரத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு செய்தி:

"அன்னிக்கு எடுத்தத வெட்டாம சத்தத்தோட அனுப்பு. அல்லாரும் நானா நகந்தேன்னு சொல்லிச் சொல்லி, ஒன்றரை வருசமா எனக்கே சந்தேகமாயிருச்சு."

பழைய ஹார்டு டிஸ்கைத் தேடி எடுத்தேன். பெரியப்பா குரல் தெளிவாகவே இருக்கிறது. "சித்த தள்ளி நில்லு அம்மணி. ஊரு கண்ணு இருக்குது பாரு." அக்கா கூடையைக் கொடுக்கிறாள். சிரிக்கிறாள். சத்தத்தை நிறுத்தியும் பார்த்தேன். மேட்டுப்பாளையத்துக்காரர் சொன்னது சரி.

பிறகு கேமராவுக்கு ஒட்டிய மாதிரி, கேமராக்காரனிடம் பேசுகிற இன்னொரு குரல்: "நல்லாருக்கு. கட் பண்ணாத, அந்த மூஞ்சிலயே வை."

என் குரல்.

தெரியாது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேனே. தெரியும். அப்போதே தெரியும். காதில் விழுந்தது, படத்துக்கு ஆகும் என்று பட்டது, இரண்டும் ஒரே நேரத்தில். கூடப் பிறந்தவன் நாலடி தூரத்தில் நின்றுகொண்டு... சீ.

கடைசி நான்கு விநாடியை எடுத்துவிட்டு அனுப்பலாம். அவளுக்குத் தேவை பெரியப்பா குரல்தான். எனக்கு வெட்டுவது தொழில், அரை நிமிஷ வேலை.

செப்டம்பர் 15

வெட்டாமல் அனுப்பினேன்.

பதினைந்து நிமிஷத்தில் போன். "கடைசில கேக்குதே, அது நீயாடா?"

"ஆமாக்கா."

வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலை பத்தரைக்கு அக்கா அதைப் பங்காளிகள் குரூப்பில் போட்டாள். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, வீடியோ மட்டும். பெரியப்பா குரல், அவள் சிரிப்பு, என் குரல், எல்லாம் அப்படியே.

குரூப்பில் அறுபத்துமூன்று பேர். மதியத்துக்குள் ஏறக்குறைய எல்லோரும் பார்த்துவிட்டார்கள். தினமும் காலை வணக்கம் போடுகிறவர், பூப்படம் போடுகிறவர், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வாரமாகக் கருத்து, கருத்து என்று அலைந்தேனே. இவ்வளவு பேசாத பார்வையாளர்களை நான் பார்த்ததில்லை.

மூன்று மணிக்குப் பெரியப்பா கூப்பிட்டார். "தம்பி, அதை எப்படியாச்சும் அழிச்சுபோட முடியாதாப்பா? உனக்குத்தான் அதெல்லாம் தெரியுமே."

"அது அக்கா போட்டதுங்க பெரியப்பா. அவதான் அழிக்கோணும்" என்றேன். "நான் அப்படியா கண்ணு சொன்னேன்?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றேன்.

பிறகு குரூப்பில் எழுதினேன். "கடைசியில் கேட்பது என் குரல். நான் பேசியிருக்கணும். பேசல. படம் பிடிச்சேன்."

ஒரு மணி நேரம் போனது. அப்புறம் லோகு என்கிற லோகப்பிரியா, அன்று அக்கா இடத்தில் நின்றவள், ஒரே வரி எழுதினாள். "எனக்கும் கேட்டுச்சு. தெரிஞ்சேதான் கூடைய வாங்கினேன்."



இருட்டுகிற நேரத்தில் அக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி போட்டேன். நாளைக்கு வரட்டுமா என்று. பார்த்துவிட்டாள். வெகு நேரம் 'எழுதுகிறார்' என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

"நாளைக்கு வேண்டாம், திங்கக்கிழமை லேப்ல கூட்டமா இருக்கும். ஞாயித்துக்கிழமை வா."